'சும்மா கிடக்கிற' நிலமா?



தாராபுரம் பக்கம் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்ட நம் பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் பேசினார். "மாமனார் நிலம் எட்டு ஏக்கர் சும்மாதான் கிடக்குதுங்க ஐயா. சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப் போறோம்" என்றார். அந்தச் 'சும்மா'வோடுதான் எனக்குச் சண்டை.

தம்பி, அது கொரங்காடு. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதியில் குடியானவர்கள் சொந்தப் பட்டாவில் வளர்த்து வைத்திருக்கும் மேய்ச்சல் நிலம். கீழே கொழுக்கட்டைப்புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் வேண்டாம். புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும், ஆடு தின்று தேறும். ஒரு மழை போதும், புல் தானாகத் துளிர்க்கும். இத்தனை வேலை செய்யும் நிலம் சும்மா கிடக்கிறதா? (அரசாங்கத்தின் தரிசு நில வரைபடமும் புதர் நிலத்தைத் தரிசு என்றுதான் சேர்க்கிறது. படித்தவர்கள் செய்த வேலை!)

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்தீர்கள். பாதிப்பேர் காங்கேயம் காளை படத்தை முகப்பில் வைத்தீர்கள். சந்தோஷப்பட்டேன். அந்தக் காளை வளர்வது இந்தக் கொரங்காட்டில்தான். காட்டைக் குத்தகைக்கு விட்டபின் காளையை எங்கே கட்டுவீர்கள், போட்டோவிலா?

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு மொட்டை மாடியிலேயே தகடு இருக்கிறது. ஊரெல்லாம் மாடி காலியாக இருக்கும்போது மேய்ச்சல் நிலத்தை ஏன் தேட வேண்டும்? 'மாதா மாதம் பணம் வருமே' என்பீர்கள். வரும். ஆனால் கிளுவையைப் பிடுங்கி, வெள்வேலத்தை வெட்டிவிட்டால், குத்தகை முடிந்து திரும்பி வருவது அந்த நிலமாக இருக்காது. வேலி அடைய வருடக்கணக்கில் ஆகும்.

நம் நைனார்பாளையத்தையே பாருங்கள். வேலி இடத்தை அடைக்கிறது என்று அழித்தோம், கல்கால் நட்டுக் கம்பி இழுத்தோம். கம்பியில் ஆடு கடிக்க இலை உண்டா? கவுதாரி முட்டையிட நிழல் உண்டா? மக்காச்சோளம் வரப்பு வரைக்கும் வந்துவிட்டது, ஆடு மாடு தார்ரோட்டு ஓரத்தில் மேய்கிறது.

ஆகவே தம்பி, கையெழுத்துப் போடுமுன் மாமனாரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் காட்டில் இதுவரை எத்தனை கன்று, எத்தனை குட்டி வளர்த்து விற்றார் என்று கேளுங்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஊருக்கு வரும்போது பத்துக் கிளுவைப் போத்து வெட்டி வண்டியில் போட்டு வாருங்கள். என் வடக்கு வரப்பில் நட வேண்டும், இங்கே வெட்ட வேலி மிச்சமில்லை.