ஆண்மைக்கு வைட்டமின் ‘டி’யா? வணிகர்கள் சிந்திக்க



நம் சங்க ஏட்டில் வரி, உரிமம், எடை அளவு பற்றியே அதிகம் எழுதுகிறோம். இம்முறை நாம் கூச்சப்பட்டுப் பேசாமல் விடும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். வைட்டமின் ‘டி’ குறைந்தால் ஆண் ஹார்மோன் குறையும், மாத்திரை போட்டால் ஹார்மோன் கூடிக் குழந்தை பிறக்கும் என்ற பேச்சு கடைவீதி வரை வந்துவிட்டது. திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லாத இளைஞர்கள் மருத்துவரிடம் போகாமல் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இதில் சரக்கு எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்று பார்ப்போம்.

முதலில் உண்மையான பகுதி. வைட்டமின் ‘டி’ வெயில் தோலில் படும்போது உடம்பிலேயே உண்டாவது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேர இது வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டிலேயே இந்தக் குறை பரவலாக இருக்கிறது. திருப்பதியில் நடந்த ஆய்வுகளில் வயலில் உழைப்பவர்களைவிட நகரத்தில் இருப்பவர்களுக்கு இச்சத்து குறைவு என்று தெரிந்தது. தோலில் இது நன்றாக உண்டாகும் நேரம் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை என்றும் அங்கு கண்டார்கள். அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? கூரைக்குக் கீழே, கல்லாவில். கண்ணாடி வழியாக வரும் வெயிலாலும் பயனில்லை. ஆகவே நமக்கு இந்தக் குறை இருக்க வாய்ப்பு அதிகம்தான்.

இனி ஹார்மோன். இந்தப் பேச்சுக்கு வலுக் கொடுத்தவை ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகர ஆய்வாளர்களின் ஆய்வுகள். 2010இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, வைட்டமின் ‘டி’ அதிகம் உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் அதிகமாக இருந்தது. 2011இல் 54 பேரை வைத்து நடந்த சிறிய சோதனையில், ஓராண்டு வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு ஹார்மோன் கூடியது. விளம்பரக்காரர்கள் இத்தோடு கதையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே கிராஸ் நகரத்தில் 2017இல் ஹார்மோன் சரியாக இருந்தவர்களுக்கும், 2019இல் குறைவாக இருந்தவர்களுக்கும் வாரம் 20,000 யூனிட் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் ஹார்மோன் கூடவில்லை. 2018இல் டென்மார்க் நாட்டில் குழந்தையில்லாத 330 ஆண்களை வைத்து நடந்த சோதனையிலும் மொத்தத்தில் விந்தணுவின் தரம் உயரவில்லை.

அப்படியானால் முதலில் கண்ட தொடர்பு பொய்யா? இல்லை. தை மாதத்தில் வெல்லமும் விற்கிறது, மஞ்சளும் விற்கிறது. வெல்லம் விற்றதால் மஞ்சள் விற்றது என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுத மாட்டார். இரண்டும் விற்கக் காரணம் பொங்கல். அதுபோல வெளியே நடமாடி, உடல் பருக்காமல் இருப்பவருக்கு வைட்டமினும் கூடுதல், ஹார்மோனும் கூடுதல். உட்கார்ந்தே தொந்தி வைத்தவருக்கு இரண்டும் குறைவு.

சாப்பிட்டால் நஷ்டம் என்ன என்று கேட்கலாம். மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 60,000 யூனிட். மருத்துவர் வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு என்று எழுதுவார். அதைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும். ஆண் ஹார்மோன் ஊசி இன்னும் மோசம். வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றினால் உடம்பு தன் விந்தணு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். குழந்தைக்காகப் போட்ட ஊசியே குழந்தைக்குத் தடையாகும்.

நம் விருத்தாசலத்தார் கவனிக்க வேண்டியது வேறொன்று. விதைப்பை உடல் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்க வேண்டும். சூளை முன் வேலை செய்பவருக்கு அது முடிவதில்லை. இத்தாலியில் பீங்கான் சூளைத் தொழிலாளர்களைப் பற்றி 1992இல் வெளியான ஆய்வில், குழந்தைப்பேறு தாமதமானதாகச் சொன்னவர்கள் அவர்களிடையே அதிகம் இருந்தார்கள். கிளேஸில் ஈயம் கலந்திருந்தால் அதுவும் கேடு. புகையிலை, மது, சர்க்கரை நோய், உடல் பருமன் ஆகியவையும் காரணங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். எனவே பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் அதுவரையாவது பொறுக்க வேண்டும்.

இதைவிட முக்கியம் நம் வீட்டுப் பெண்கள். உலகில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் குழந்தையின்மைச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. அதில் சுமார் பாதியில் ஆணுக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் வழக்கம் என்ன? மருமகளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அனுப்புகிறோம்; மகன் கடையில் உட்கார்ந்து ரகசியமாக மாத்திரை விழுங்குகிறான். விந்தணுப் பரிசோதனை சுலபமானது, செலவும் குறைவு. முதல் மாதமே கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ அவமானம் மிச்சமாகும்.

விற்பவர் என்ற முறையிலும் நமக்குக் கடமை உண்டு. ஆண்மை பெருகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கமிஷன் கூடுதல் என்பதற்காக அத்தகைய பாக்கெட்டுகளையும் சுவரொட்டிகளையும் கடை முகப்பில் தொங்கவிட வேண்டாம். அதற்குப் பதில் வைட்டமின் ‘ஏ’, ‘டி’ சேர்த்த எண்ணெய், பால் பாக்கெட்டுகளில் இருக்கும் ‘பிளஸ் எஃப்’ முத்திரை என்னவென்று வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லலாம்.

மதியம் சிறிது நேரம் கடையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு வெயிலில் நடந்து வாருங்கள். மறுநாள் பிள்ளையை அனுப்புங்கள். சத்துக் குறை என்று சந்தேகம் வந்தால் ரத்தம் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து சாப்பிடுங்கள். எலும்புக்கு அது நல்லது. ஆண்மைக்கு என்று யாராவது விற்றால், பில் கேட்பதற்கு முன் ஆதாரம் கேளுங்கள்.