வலிக்கு மாத்திரை உண்டு. வியாதிக்கு வைத்தியம் எங்கே?

2019 ஜூனில் வந்த ஒரு செய்தியைப் பலர் மறந்திருக்கலாம். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் விசாரித்தது. மாதவிலக்கு வலி என்று சொன்னதும் பெயர்ச் சீட்டில்லாத மாத்திரையை ஆலையிலேயே கொடுத்தார்கள் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அதனால் உடம்பு கெட்டது என்றார்கள் பாதிக்கு மேற்பட்டவர்கள். பரிசோதித்ததில், அது ஐபுபுரோபன் வகை வலிநிவாரணி.

முதலாளிக்கு வேண்டியது மிஷின் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வலி ஏன் வருகிறது என்பது அவர் கணக்கில் இல்லை.

எல்லா வலியும் வியாதியல்ல. ஆனால் மாதாமாதம் சுருண்டு படுக்க வைக்கும் வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் அடிவயிற்றிலும் வளர்ந்து, மாதந்தோறும் அங்கேயே ரத்தம் கசிந்து, புண்ணாகி, உறுப்புகளை ஒட்ட வைக்கிறது. உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பெரும்பாலோருக்கு வியாதியின் பெயர் தெரியவே பல வருஷங்கள் ஆகின்றன. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று நம் வீடுகளிலேயே சொல்லி அனுப்புகிறோமே!

இதற்கு ஹார்மோன் வைத்தியம் இருக்கிறது. உதாரணமாக, டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், தினம் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைத்து அந்தத் திசுவை அடக்குகிறது. வியாதியை வேரோடு பிடுங்குவதில்லை. நிறுத்தினால் வலி திரும்பலாம். ஆரம்பத்தில் ஒழுங்கற்ற ரத்தப்போக்கு, தலைவலி, மனச்சோர்வு வரலாம். பிள்ளை வேண்டுமென்பவருக்கு அந்தச் சமயத்தில் இது ஆகாது. ஆகவே டாக்டர் பார்த்துக் கொடுத்து, மாதக் கணக்கில் கவனிக்க வேண்டிய மருந்து இது. மேஸ்திரி பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சரக்கல்ல.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் சகோதரி எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினால் அன்றைய கூலி போச்சு. மாத்திரைக்காக மாதாமாதம் போக வேண்டுமானால்? மூன்றாம் மாதம் நின்றுவிடுவார். குற்றம் அவருடையதா?

இ.எஸ்.ஐ.க்காக அவர் கூலியில் 100 ரூபாய்க்கு 75 காசு பிடிக்கிறார்கள். தகுதியுள்ளவருக்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலியுடன் நோய் விடுப்பும் உண்டு. காண்ட்ராக்டர் பதிவு செய்யாமல் விட்டால் இரண்டும் இல்லை. ஒவ்வொரு காண்ட்ராக்ட் தொழிலாளியையும் பதிவு செய், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஹார்மோன் மாத்திரையை இருப்பு வை. வாரத்தில் ஒரு நாளாவது பெண் டாக்டரை அங்கே உட்கார வை. சிப்காட் சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதட்டும்.