வெட்டியெடுத்த குடல்வால் எங்கே போகிறது?

கோவை அவிநாசி ரோட்டில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வயிற்றுவலியோடு வருபவர், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புகிறார். எடுத்த குடல்வால் பயாப்ஸிக்குப் போனதா என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்டால் தண்டச் செலவாம்!

வெட்டியெடுக்கும் நூறு குடல்வாலில் சுமார் ஒன்றில் கட்டி இருக்கிறது. பெரும்பாலும் லேபில்தான் அது தெரியவரும். ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்றால் பொதுவாக அந்த ஆபரேஷனே போதும். சளி சுரக்கும் வகை உடைந்தாலோ, வயிறெங்கும் ஜெல்லி போலப் பரவும். ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னை 1993ல் கொண்டுபோனது குடல்வால் புற்றுநோய்தான். பரவியபின் பல மணி நேர ஆபரேஷன், வயிற்றுக்குள்ளேயே சூடான கீமோ...

பயாப்ஸி ரிப்போர்ட் இல்லாத டிஸ்சார்ஜ், ஆடிட் ஆகாத கணக்கு. கேட்டு வாங்குங்கள்!