பாலிஷ்காரர் கூலியில் ஏன் சார் கை வைக்கிறீங்க?

ஆபீஸ்ல ஆணி அதிகம். இருந்தாலும் இதை எழுதலைன்னா மண்டை காஞ்சுடும். பைன் மரக் கட்டிலுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு, மே மாச வெயில்ல மஞ்சள் மஞ்சளா வட்டம் கிளம்பி, தொட்டா கையில ஒட்டுதுன்னா அது பெயிண்ட் அடிச்சவர் குத்தம் இல்லை. இல்லவே இல்லை.

எங்க அபார்ட்மெண்ட்ல இப்ப ஓடுற பஞ்சாயத்து இது. மேல் மாடிக்காரர் குழந்தைக்குன்னு பைன்ல கட்டிலும் அலமாரியும் செஞ்சார். பாலிஷ்காரர் தேய்க்கும்போதே, "உப்புத்தாள் எல்லாம் பிசுபிசுன்னு அடைச்சுக்குது சார், இது என்ன மரம்?"னு கேட்டிருக்கார். "ட்ரீட் பண்ண மரம்பா, நீ அடி"ன்னு பதில். ப்ரைமர் ரெண்டு கோட், எனாமல் ரெண்டு கோட் அடிச்சார். மேற்கு ஜன்னல் ஓரம் போட்ட கட்டில், மே மாசம் ஒவ்வொரு கணுவுலயும் அழ ஆரம்பிச்சுது. அப்ப அதே வீட்டுல கதவு வேலையும் அவர்தான் பார்த்துக்கிட்டிருந்தார். அந்தக் கூலியில 3000 ரூபாயைப் பிடிச்சுட்டாங்க. வாட்ஸப் குரூப்ல பாதிப் பேர் "கரெக்ட் சார்"னு கட்டைவிரலைத் தூக்குறாங்க. எல்லாம் என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்கதான். நம்ம வேலையில பக் வந்தா மட்டும் "ரிக்வயர்மெண்ட்லயே இல்லை"ன்னு மெயில் போடுவோம்!

சரி, உள்ள என்ன நடக்குது? பைன் பிசின்ல ரெண்டு சமாச்சாரம் இருக்கு. ஆவியாகிற டர்பன்டைன், அது போனதும் கெட்டியா நிக்கிற ரோசின். (லேப்ல சால்டரிங் பண்ணும்போது ஃப்ளக்ஸ் புகை வருமே, அது இந்த ரோசின்தான்.) மரத்தைச் சூளையில காய வைக்கும்போது சுமார் 70 டிகிரிக்கு மேல கொண்டுபோனா டர்பன்டைன் பெரும்பாலும் வெளியேறி, ரோசின் இறுகிடும். அப்புறம் நம்ம ஊர் வெயில் அதை அசைக்க முடியாது. அந்தச் சூட்டைக் காட்டாத மரத்துல பிசின் இளகினபடியே உட்கார்ந்திருக்கும், கிளை முளைச்ச இடமான கணுவுல இன்னும் அதிகமா. வெயில் பட்டதும் பெயிண்டுக்குள்ள ஊடுருவி மேல வந்துடும். ப்ரைமர் ரெண்டு இல்லை, நாலு கோட் அடிச்சாலும் வரும்.

அப்ப "ட்ரீட் பண்ண மரம்"னு மரக்கடைக்காரர் சொன்னது? இங்கதான் உள்குத்து. கப்பல்ல வர்ற பேக்கிங் பெட்டி, பேலட்ல எல்லாம் எச்.டி.னு ஒரு முத்திரை இருக்கும். மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரியில 30 நிமிஷம் இருந்ததுன்னு அர்த்தம். பூச்சி நாடு விட்டு நாடு போகக்கூடாதுங்கிறதுக்கான சர்வதேச விதி அது. பூச்சி சாகும், பிசின் சாகாது. அந்த முத்திரையைக் காட்டி, பர்னிச்சருக்கே தயாரான மரம்னு விக்கிறதுக்குப் பேர் வியாபாரம். அவர்கிட்ட ஒருத்தரும் 3000 ரூபாய் கேக்கலை, கவனிச்சீங்களா?

"அனுபவசாலின்னா அவருக்கே தெரிஞ்சிருக்கணும்"னு ஒரு ஜல்லி. அவர் 25 வருஷமா தேக்குலயும் வேம்புலயும் வேலை செஞ்சவர். நம்ம பக்கம் வாசக்கால் அடிக்கிற எந்த மரம் இப்படி அழுதிருக்கு? ஒட்டுதுன்னு முதல்ல சொன்னதும் அவர்தானே.

இதுல கொடுமை, மருந்து அவர் பையிலயே இருந்தது. பிரெஞ்ச் பாலிஷுக்கு ஸ்பிரிட்ல ஊற வைக்கிறாரே, அந்த அரக்குதான். அரக்கு ஸ்பிரிட்ல கரையும், டர்பன்டைன்ல கரையாது. அதனால பிசினால அதைத் துளைச்சுக்கிட்டு வர்றது கஷ்டம். இங்கிலாந்து பெயிண்டர்கள் காலங்காலமா கணு மேல தடவுறதும் இதைத்தான். நம்ம ஜார்க்கண்ட் பக்கம் புரச மரத்துல பூச்சி கட்டுற பொருள். 1924லயே ராஞ்சியில இதுக்குன்னு தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கிட்டாங்க. இது பைன் கணுவுக்கும் ஆகும்னு அவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்பவும் கெட்டுப் போகலை. கணு இருக்கிற இடத்துல பெயிண்டைச் சுரண்டிட்டு, ஹாட் ஏர் கன்ல சூடு காட்டினா பிசின் வெளிய வரும். வழிச்சு எடுத்துட்டு டர்பன்டைன்ல துடைங்க (கன்னை அணைச்சு, சூடு ஆறின பிறகு, ஜன்னலைத் திறந்து வச்சு). நல்லா காஞ்சதும் கணுவைச் சுத்தி ஒரு விரல் அகலம் தாண்டி அரக்கு ரெண்டு கோட், அப்புறம் ப்ரைமர். உள்ளே பிசின் பையே இருந்தா அரக்கும் தோத்துப் போகலாம். அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு வேற துண்டு வச்சு ஒட்டணும். கட்டிலை ஜன்னல்ல இருந்து நாலடி தள்ளிப் போடுங்க.

அந்த 3000 ரூபாயை முதல்ல திருப்பிக் கொடுங்க சார். இந்த வேலைக்குத் தனிக் கூலி பேசி அவரையே கூப்பிடுங்க.

டிஸ்கி: தேக்குக் கட்சி ரொம்பச் சிரிக்க வேணாம். தேக்குல இருக்கிற எண்ணெய் வார்னிஷைக் காய விடாம படுத்தும். பூசுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தின்னர்ல துடைச்சுடுங்க. அதுக்கும் பாலிஷ்காரரைத் திட்டிக்கிட்டு யாராவது பின்னூட்டத்துல வந்தீங்கன்னா, கும்மிதான் :-)