தருமகர்த்தா எசமானரா?



ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென இராசபாளையத்துச் செல்வர் ஒருவர் நிலத்தைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து வைத்துவிட்டுக் கண் மூடினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேரன் தருமகர்த்தா ஆகிறான். இரண்டு உறவினரைக் கூட்டி, "காலம் மாறிவிட்டது, கல்விக்குப் பதில் கல்யாண மண்டபம்" என்று தீர்மானம் எழுதுகிறான். செல்லுமா?

செல்லாது! சாவியைக் காப்பவன் பெட்டிக்கு உடையவன் ஆவானோ? நிர்வாக விதிகளைத் திருத்தப் பத்திரமே இடம் தந்திருந்தால், அந்த வரம்புக்குள் திருத்தலாம். நோக்கத்தில் கை வைக்க அவனுக்கு உரிமை ஏது? நோக்கம் நிறைவேறி முடிந்தாலோ, நிறைவேற்றவே இயலாது போனாலோ, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி நீதிமன்றந்தான் அதை மாற்றியமைக்கலாம். படிக்க வரும் ஏழைப் பிள்ளை இராசபாளையத்தில் அற்றுப் போனானா, என்ன?

நீதிமன்றத்துக்கும் வரம்பு உண்டு. மூல நோக்கம் நிறைவேறக்கூடியதாய் இருக்கையிலேயே சமய அறநிதியை வேறு வழியில் திருப்ப நீதிமன்றத்துக்கு இடமளித்த பம்பாய்ச் சட்டப் பிரிவை, 1954இல் ரதிலால் பனாசந்த் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிபதிக்கே இல்லாத அதிகாரம் இந்தப் பேரப்பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

கோயில் சொத்துக்கு வழி வேறு. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் போன்றவற்றுக்கு 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் உண்டு. அதன் 34ஆம் பிரிவின்படி விற்பனை, அடமானம், பரிவர்த்தனை, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் ஆணையரின் அனுமதியின்றிச் செல்லாது. அனுமதிக்கு முன் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்டாக வேண்டும். அறிவிப்பைப் படிப்போர் எத்தனை பேர்? நம் கிளைகளில் எத்தனை பேர்?

"நாங்கள் யார் கேட்பதற்கு?" என்று தயங்குகிறீர்கள். சட்டம் கேட்பது அறத்தில் அக்கறையுள்ள இரண்டே பேரை! 1976இல் திருத்தப்படும் வரை அட்வகேட் ஜெனரலின் எழுத்து மூலமான இசைவு வேண்டியிருந்தது. இன்று நீதிமன்றத்தின் அனுமதி போதும். கணக்குக் கேட்கலாம், தருமகர்த்தாவை நீக்கக் கோரலாம், நிர்வாகத் திட்டம் வகுக்கக் கோரலாம். முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, நிலம் எழுதிவைத்த அந்தப் பத்திரத்தின் நகலைப் பெறுங்கள். பாட்டன் எழுதியதை வரி வரியாகப் படியுங்கள். பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்டத்தின் பெயர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது திருவில்லிபுத்தூரில்தான். இராசபாளையத்தில் பேருந்து ஏறினால் அரை மணி நேரம்.