பூவுக்கும் கூத்துக்கும் கணக்கில் இடம் வேண்டும்

மாதக் கடைசியில் கை கடிக்கும்போது ஒரு குடும்பம் எதை முதலில் வெட்டுகிறது? வாடகையில் கை வைக்க முடியாது. அரிசி, பருப்பைக் குறைக்கலாம், ஆனால் ஓரளவுக்குத்தான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கிடையாது. ஆகவே ஒரு முழம் மல்லிகை போகும். வாரப் பத்திரிகை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சுண்டல் பொட்டலம் வாங்கித் தருவது "அடுத்த மாசம் பார்க்கலாம்" ஆகிவிடும். வெட்டாமல் விட்டாலோ அக்கம்பக்கம் சும்மா இருக்காது. "இருக்கிற கடனுக்குப் பூ ஒரு கேடா?" என்று கேட்க ஒருவர் எப்போதும் இருப்பார்.

அந்தக் கேள்வியை நாம் ஏற்கவில்லை. வருமானம் குறைந்தவருக்குச் சோறு, துணி, கூரை மட்டும் போதும், பாட்டும் படமும் புத்தகமும் வசதி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரக்கமற்ற கணக்கு. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணுக்கு மாலையில் தலையில் வைத்துக்கொள்ளும் பூவும், பொறுமையாக உட்கார்ந்து குடிக்கும் ஒரு டம்ளர் காப்பியும் வீண் செலவு என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. குடும்பக் கணக்கில் அதற்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்குவதே சரி. அதைவிட முக்கியம், ஊரின் கணக்கிலும் அதற்கு இடம் இருக்கவேண்டும். ஒரு காலத்தில் இருந்தது.

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. ஊர் சாப்பிட்டு முடித்து, பாயும் போர்வையுமாக வந்து சேர்ந்தபின் மத்தளம் முழங்கும். கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பான். அதன் பிறகு திரைக்குப் பின்னால் நின்று ராஜா வேஷம் குரல் கொடுக்கும்போது, தூங்கிய பிள்ளைகளைத் தாய்மார்கள் தட்டி எழுப்புவார்கள். விடியும்வரை ஆட்டம். இதற்கு டிக்கெட் கிடையாது. ஆனால் இது இலவசமும் அன்று. தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு வசூலிப்பார்கள், வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுப்பார். வரி கட்டியபின் முன்னால் பாய் விரித்தவருக்கு முன்னிடம். அந்தத் திடலிலும் சாதி இருந்தது, தள்ளி நின்று பார்க்கும்படி சிலரை விரட்டிய ஊர்கள் ஏராளம். அதை நாம் மறைக்கவோ போற்றவோ மாட்டோம். எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான்: தெருவிளக்குக்கும் குளத்துக்கும் பொதுவில் செலவழிப்பதுபோலக் கூத்துக்கும் பொதுவில் செலவழிக்கலாம் என்று அந்த ஊர்கள் முடிவு செய்திருந்தன. கூலிக்காரனும் பல இரவுகள் பாரதம் பார்த்தது அதனால்தான்.

நகரத்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1930-ல் சென்னை மாநகராட்சி சொந்தமாக வானொலி ஒலிபரப்பு நடத்தத் தொடங்கியது. ரேடியோப் பெட்டி பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த நாட்கள் அவை. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள், மணலில் உட்கார்ந்தவர் காதிலெல்லாம் பாட்டு விழுந்தது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தபின்னும் பூங்கா ரேடியோவும் பஞ்சாயத்து ரேடியோவும் பல ஊர்களில் நெடுநாள் பாடிக்கொண்டிருந்தன. குப்பை அள்ளுவதும் குழாய் போடுவதும் மட்டுமே தன் வேலை என்று அன்றைய மாநகராட்சி நினைக்கவில்லை.

இதே எண்ணம் சட்டமாகவும் ஆனது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம் அதுதான். அதன்படி இன்றும் சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது, ரூபாய்க்குப் பத்து பைசா. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையில் ஏறத்தான் செய்கிறது. ஆக, ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவரும் நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் அங்கே போய் ஒரு நாவலை எடுத்து வருவது யாருடைய தயவும் இல்லை.

ஆனால் அந்த வரி போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போவதில்லை. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் நூலக ஆணைக்குழுக்களுக்குக் கொடுக்காமல் நிலுவை வைப்பது பல ஆண்டுகளாகச் செய்தியாகிவருகிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. இரண்டும் தமிழ்நாடு பெருமைப்படத்தக்கவை. ஆனால் தெருமுனைக் கிளை நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை, புது நாவல் வந்து ஆண்டுகள் ஆயின, வேலைக்குப் போகிறவர் வீடு திரும்புமுன் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது என்றால், பெரிய கட்டடங்களால் அந்தத் தெருவுக்கு என்ன பயன்?

எழும்பூர் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். 1851-ல் தொடங்கியது, நாட்டின் பழமையான அருங்காட்சியகங்களில் ஒன்று. அதன் செப்புத் திருமேனிகளில் திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கிறார். திருமேனியின் வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கைகள், இடப்பக்கம் உமைக்கு ஒரே கை. மூன்று கைகள் என்று முதலில் தோன்றுவதே இல்லை, அவ்வளவு இயல்பாக நிற்கிறது உடல். ஒரு பக்கம் தோள் விரிகிறது, மறு பக்கம் இடை ஒடிகிறது, இரண்டும் சேரும் இடம் எது என்று கண்ணால் கோடு போட முடிவதில்லை. சோழர் காலத்துக் கைத்திறன் அது. உலகின் எந்தத் தலைநகரிலும் இதற்குத் தனி மாடம் கட்டி, வரிசையில் நிற்க வைத்துக் காட்டுவார்கள். இங்கே அதைப் பார்க்க ஆகும் நுழைவுக் கட்டணம் ஒரு டீ, வடைக்கு ஆவதுதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. புறநகரிலிருந்து ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு வந்து, பார்த்து, வழியில் ஆளுக்கொரு ஐஸ் வாங்கித் தந்து வீடு திரும்ப ஆகும் செலவு ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பேருந்துச் சலுகையைப் பற்றியும் ஒரு முணுமுணுப்பு உண்டு. வேலைக்குப் போனால் சரி, ஊர் சுற்றப் போகிறார்களே என்கிறார்கள். போகட்டும். கோயிலுக்குப் போகட்டும், கடற்கரைக்குப் போகட்டும், அக்கா வீட்டுக்குப் போகட்டும், அர்த்தநாரியைப் பார்க்கப் போகட்டும். பிழைப்புக்காக மட்டும்தான் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டும் என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்தத் தாய் எப்போது வருவார்? அருங்காட்சியகம் மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. நாட்கூலிக்காரருக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றே, அன்று துணி துவைக்கவேண்டும், ரேஷன் பை சுமந்த களைப்பு ஆறவேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இரவு எட்டு மணிவரை திறந்து வையுங்கள் என்பது நம் கோரிக்கை. ஊழியருக்குக் கூடுதல் நேரத்துக்கான ஊதியம், சில மின்விளக்குகள்; ஆகும் செலவு அவ்வளவுதான்.

மார்கழி சபாக்களின் விஷயம் சற்று வேறு. பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட் விலை கசக்கிறது. பகல் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. இளம் கலைஞர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்கள், பாதி நாற்காலிகள் காலி. விலை தடுக்கவில்லை என்றால் எது தடுக்கிறது? கூச்சம். "அது நமக்கான இடமில்லை" என்ற எண்ணம். கட்டிய சேலையையும் காலின் செருப்பையும் அளந்து பார்க்கும் பார்வைக்கு அஞ்சி வாசலோடு திரும்புகிறவர்கள் உண்டு. இசை தெரிந்தவர்கள் மட்டும் கேட்பதற்கல்ல இசை. சபாக்காரர்கள் அழைப்பை ஆங்கில நாளிதழோடு நிறுத்தாமல், பேருந்து நிறுத்தத்திலும் ரேஷன் கடைச் சுவரிலும் தமிழில் ஒட்டட்டும். இலவசக் கச்சேரி என்று பெரிய எழுத்தில் போடட்டும். வருகிறவரை வாசலில் நின்று "வாங்க" என்று சொல்ல ஓர் ஆளை வைக்கட்டும். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்புக்குள்ளேயே விழா நடத்திக் காட்டியிருக்கிறார்கள். கர்நாடக சங்கீதமும் கூத்தும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. அதனால் எந்தக் கலையும் குறைந்துபோகவில்லை.

2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலிலிருந்து மீண்டும் நடக்கும் சென்னை சங்கமமும் இந்த வழியில் வந்ததே. பூங்காவிலும் திடலிலும் கரகமும் ஒயிலும் தப்பாட்டமும் பார்க்கக் கூடும் கூட்டமே அதன் தேவைக்குச் சாட்சி. ஆனால் பொங்கல் வாரம் முடிந்ததும் பூங்கா மீண்டும் நடைப்பயிற்சிக்காரர்களின் தடமாகிவிடுகிறது. ஒவ்வொரு மாநகராட்சியும் நகராட்சியும் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலையைப் பூங்காக் கலைக்கு ஒதுக்கவேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பார்ப்பவருக்கு இலவசம் என்பது ஆடுபவரின் வயிற்றில் அடிப்பதாகிவிடக் கூடாது. "உங்களுக்கும் ஒரு மேடை கிடைக்கிறதே" என்று சொல்லிக் கலைஞருக்கு வழிச்செலவும் ஒரு சால்வையும் மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கம் ஒழியவேண்டும். கூத்துக் கட்டுகிறவரும் நாகஸ்வரம் வாசிக்கிறவரும் மாதக் கடைசியில் அதே மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர்கள்தாம். தலைக்கட்டு வரி வாங்கிய ஊர்கள் கூத்தாடிக்குப் பேசிய கூலியைக் கொடுத்தன. இன்றைய உள்ளாட்சியும் முழு ஊதியத்தைத் தன் பட்ஜெட்டிலிருந்து கொடுக்கட்டும்.

பணமில்லை என்ற பதில் வரும். நூலக வரி ஏற்கெனவே வசூலாகிறது. அதை முழுமையாக ஒப்படைத்தாலே கிளை நூலகங்களின் முகம் மாறும். பூங்காக் கலைக்கு ஆகும் தொகை, ஒரு நகராட்சியின் ஆண்டுச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, நகரங்களில் ஏரியா சபை இருக்கிறது. சாலை, குடிநீர் பற்றிக் கேட்டு முடித்தபின் எழுந்து இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நாங்கள் கட்டிய நூலக வரி எங்கே? எங்கள் நூலகம் மாலையில் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.