பேப்பரில் வந்தது ஒரு நாள்... அம்மா சொல்வது அறுபது வருஷம்!

'எக்கியார்குப்பம்' என்று செல்போனில் தட்டிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது 2023 மே மாதச் செய்தி. மரக்காணம் அருகே உள்ள அந்த மீனவ கிராமத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். உள்ளே போனது மெத்தனால் எனும் விஷம். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்கு மாறியது.

இன்னும் 20 வருஷம் கழித்து, அந்த வீடுகளில் வளரும் ஒரு பிள்ளை 'எங்க தாத்தா யாரு?' என்று தேடினால் கையில் கிடைக்கப்போவதும் இதே செய்திதான். பெயர், வயது, சேர்த்த மருத்துவமனை... அவ்வளவுதான். அவர் எத்தனை வயதில் கடலுக்குப் போக ஆரம்பித்தார், யார் வலை இழுக்கக் கற்றுக்கொடுத்தது, தங்கையின் கல்யாணத்துக்கு யாரிடம் கடன் வாங்கினார் - எதுவும் அதில் கிடையாது.

பெரிய குடும்பங்களுக்குக் கல்வெட்டு இருக்கும், பத்திரம் இருக்கும், நாளிதழில் அரைப்பக்க அஞ்சலி விளம்பரம் இருக்கும். கடலோரக் குப்பங்களும் உப்பளக் கூலி வீடுகளும் பேப்பரில் வருவது பெரும்பாலும் புயல், சுனாமி, சாவு என்றால்தான். அதனால் இந்த வீடுகளின் வரலாற்றைத் தேடுபவர்களுக்குப் பேப்பர் கட்டிங் பாதி வழிதான். மீதி வழி அம்மா, அப்பாவின் நினைவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

புயலை வைத்து வருஷம் பிடிக்கலாம்

"எந்த வருஷம்மா?" என்று கேட்டால் பெரியவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். இந்தக் கரையில் நாள்காட்டியே புயல்தான். சுனாமி என்றால் 2004 டிசம்பர் 26. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30. அப்போது பெய்த மழையில் மரக்காணம் உப்பளங்கள் மூழ்கிப்போயின.

உப்பளமும் ஒரு நாள்காட்டிதான். மழை ஓய்ந்து ஜனவரி வாக்கில் பாத்தியைச் சீர் செய்வார்கள். வெயில் ஏற ஏற உப்பு வாருவார்கள். ஐப்பசி அடைமழையில் வேலை கிடையாது. "உப்பு வாரிக்கிட்டு இருந்தப்பதான் தம்பி பொறந்தான்" என்று அம்மா சொன்னால், பள்ளிச் சான்றிதழில் நவம்பர் என்று இருந்தாலும் தம்பி பிறந்தது வெயில் காலத்தில் என்று யோசிக்க இடம் இருக்கிறது.

"எம்.ஜி.ஆர் ஆட்சியில வந்த புயல்" என்றால் 1977-க்கும் 1987-க்கும் நடுவில் தேடினால் போதும். தமிழ் வருஷம் சொல்பவர்களிடம் மட்டும் கவனம் தேவை. 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 'குரோதி வருஷத்துப் புயல்' என்றால் 1964-ல் தனுஷ்கோடியை அழித்த புயலும் அதுதான், 2024 ஃபெஞ்சலும் அதுதான்!

பழைய பெயரில் தேடுங்கள்

மரக்காணம் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில். ஆனால் விழுப்புரம் மாவட்டம் பிறந்ததே 1993-ல்தான். அதற்கு முந்தைய பேப்பரில் 'தென்னாற்காடு' என்று தேட வேண்டும். இன்று மரக்காணமே தனி தாலுகா. அன்று திண்டிவனம் தாலுகா. ஊர்ப் பெயரையும் எக்கியார்குப்பம், எக்கியர்குப்பம், ஏக்கியார்குப்பம் என்று பல விதமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆள் பெயரிலும் இதே சிக்கல். குப்பத்தில் பாதிப் பேரைப் பட்டப்பெயரில்தான் தெரியும். பேப்பரில் வருவது ரேஷன் கார்டு பெயர். எனவே, தேட ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரின் எல்லாப் பெயர்களையும் வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் 'லை', 'னை', 'றா' போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவம். கம்ப்யூட்டர் அவற்றைத் தப்பாகப் படிக்கலாம். தேடலில் 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடாமல், பக்கத்தைத் திறந்து கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

எங்கே கிடைக்கும்?

சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களும் நாளிதழ்களும் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம்.

உறவினர் யாராவது கடல் தாண்டிப் போயிருந்தால் வழி இன்னும் நீளும். சிங்கப்பூரில் 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய பக்கங்களை அந்த நாட்டு தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர் வரை எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியில் பெண் எடுத்த, கொடுத்த குடும்பங்கள், பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை மறக்க வேண்டாம்.

கட்டிங்கின் பின்பக்கம்

வீட்டு டிரங்க் பெட்டியிலேயே கட்டிங் இருக்கலாம். கடலுக்குப் போனவர் கரை திரும்பாத செய்தி, பத்தாம் வகுப்பில் பாஸானவர்களின் நம்பர் வந்த பக்கம்... வெட்டி வைத்தவர்கள் தேதியை விட்டிருப்பார்கள். திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு சினிமா விளம்பரம் இருந்தால் போதும். படம் வெளியான வருஷம் தெரிந்தால், கட்டிங்கின் வருஷமும் ஏறக்குறைய தெரிந்துவிடும்.

இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டாம். சூட்டிலும் பசையிலும் தாள் கெட்டுவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. உப்புக்காற்று வீசும் ஊரில் ஈரம் ஏறாத டப்பாவில் வைப்பது நல்லது. பேப்பரின் பெயர், எந்த ஊர்ப் பதிப்பு, தேதி, பக்கம் ஆகியவற்றைத் தனித் துண்டுச்சீட்டில் எழுதி வையுங்கள்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

'உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க' என்று போனை நீட்டினால் யாருக்கும் வாய் வராது. பொருளைக் காட்டிக் கேளுங்கள். உப்பு வாரும் பலகை, மீன் கூடை, கல்யாணப் புடவை என்று எதுவாகவும் இருக்கட்டும். பாத்தியில் நின்று நின்று கால் எப்படி வெடிக்கும், அதற்கு என்ன தடவினார்கள் என்று கேளுங்கள். எந்தப் பேப்பரிலும் வராத செய்தி அது. உப்பளத்தில் சுமந்த பெண்களும், மீன் கூடையோடு ஊர் ஊராக நடந்த பெண்களும் நாளிதழில் பெயரோடு வந்தது எத்தனை முறை?

தேதி தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்தாதீர்கள். பேச்சு நின்றுவிடும். ரெக்கார்டரை ஓடவிட்டு, பிறகு கட்டிங்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், எது பேப்பரில் வந்தது, எது அம்மா சொன்னது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பேப்பருக்கும் தப்பு நேரும். அவசரத்தில் எழுதிய பெயர், வயது, உறவு முறை மாறிப்போவது உண்டு. அதைத் திருத்தக்கூடியவர் வீட்டில் இருப்பவர்தான்.

எல்லாவற்றையும் ஸ்டேட்டஸில் போடலாமா?

கூடாது. கள்ளச்சாராயச் சாவு போன்ற துயரத்தைச் சந்தித்த வீட்டில் அந்தக் கட்டிங்கைப் பார்க்கவே பிடிக்காதவர்கள் இருப்பார்கள். பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பதிவு செய்வது முதலில் குடும்பத்துக்காக. வெளியே சொல்வது, அதில் பேசியவரும் அதில் வருபவரின் வீட்டாரும் சம்மதித்தால் மட்டும்.

ஆனால் தள்ளிப்போடவும் முடியாது. பழைய பேப்பர் நூலகத்தில் இன்னும் 50 வருஷம் இருக்கும். அடுத்த மாதம் போனாலும் கிடைக்கும். 70 வயது அம்மாவின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் அம்மா, அப்புறம் நூலகம்.

தொடங்குவதற்கு ஒரு கேள்வி போதும். "நீ வாங்கின முதல் கூலி எவ்வளவும்மா? அதை யார் கையில கொடுத்த?"